பன்னிரண்டு மணி நேரம்

"குளிருக்கே குளிரா?" என்று
கொட்டகலையில் இறங்கியதிலிருந்து கேட்கிறார்கள்.
ஆட்டோக்காரர் கேட்டார். ரொட்டிக் கடையில் கேட்டார்கள்.
இஸ்திரிப் பகுதிக்கு வந்து பாருங்கள் என்றேன்:
நாற்பது இஸ்திரிப் பெட்டி, நாற்பது நீராவிக் குழாய்,
ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம்,
உள்ளே, காலை எட்டுக்கே நனைந்துவிடும்
சிவமாலாவின் காலர்.

மொட்டைமாடியில் இயந்திரம்.
நேற்று நைட்ரஜன் ஏற்றி
இணைப்பெல்லாம் சவர்க்கார நுரை பூசினேன்.
ஒரே ஒரு நட்டில்
தூங்கும் பிள்ளையின் வாயோரம் போல
ஒரு குமிழி ஊதியது, உடைந்தது, மறுபடி ஊதியது.
இறுக்கினேன்.
பிறகு உள்ளிருந்த காற்றை உறிஞ்சி
ஐந்நூறு மைக்ரானுக்கு இறக்கி
பம்பை நிறுத்தி அரை மணி நேரம்
இலக்கத்தையே பார்த்து நின்றேன்.
வெறுமை தாங்க வேண்டும்.
தாங்கியது.

இன்று சிலிண்டரைத் தராசில் தலைகீழாக நிறுத்தித்
திரவமாக விட்டேன்.
வேண்டியது பதினொரு கிலோ நானூறு.
ஏழில் நின்றுவிட்டது.
சிலிண்டருக்கும் குளிர்.

நுவன் காஸ் டோர்ச்சோடு வந்தான்.
"லேசா காட்டுவோம் அண்ணே."
"கீழ வை" என்றேன்.
அந்தக் குரல் எனக்கே புதிது.
தோஹாவில் தாப்பாவும் லேசாகத்தான் காட்டினான்.
அதற்குப் பிறகு ஊருக்குப் பணம் அனுப்பும் படிவங்களில்
இடக்கைக் கையெழுத்து.

தேநீர் அறையிலிருந்து வெந்நீர் வந்தது.
முழங்கை பொறுக்கும் சூடு, அதற்கு மேல் இல்லை.
துணியை நனைத்துச் சுற்றி,
தராசைப் பூச்சியமாக்கிக் காத்திருந்தேன்.
கிராம் கிராமாக இறங்கி
ஒன்பது அறுநூறில் ஓய்ந்தது.
மிச்சம் ஓடும்போதுதான் போகும்.

"அப்போ ஓட விடுங்க" என்றார் மேனேஜர் திலகசிறி.
சுபநேரம் ஆறு நாற்பத்திரண்டாம்,
தேங்காய்கூட வாங்கியாயிற்றாம்.
இந்தக் குளிரில் காஸ் இறங்கி
கம்பிரசரின் எண்ணெயில் கரைந்து கிடக்கும் என்றேன்.
இப்போது முடுக்கினால் எண்ணெய் நுரைத்து வெளியேறும்,
இரும்பை இரும்பு தின்னும்.
அடியில் ஹீட்டர் எரியட்டும், பன்னிரண்டு மணி நேரம்.
"குளிர் மெஷினுக்கு ஹீட்டரா?"
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
கம்பிரசர் பிரேக்கரில் என் சிவப்புப் பூட்டு.
சாவி என் சட்டைப்பையில்.
தேங்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரவு ஜெர்சிக்குள் முடங்கி உட்கார்ந்திருந்தேன்.
காவல்காரரின் நாய் வந்து மோந்தது,
யோசித்தது,
கம்பிரசரின் அடிவயிற்றோடு சுருண்டது.
கொஞ்சம் பொறுத்து நானும் கையை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
கீழே ரயில் ஒன்று வளைவில் தேய்ந்து போனது.
பேச ஆளில்லை, தேவையுமில்லை.

விடிந்ததும் மீட்டர் சொன்னது:
ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது.
போன வாரம் ட்ரான்ஸ்ஃபோர்மர் பழுதுபார்த்தார்களாம்.
அப்படியே விட்டிருந்தால் பின்னோக்கிச் சுழன்று
ஊளையிடும், குளிராது.
மின்னை முழுதாய் அறுத்து,
மூன்று கம்பியும் செத்ததைத் தொடாமல் சோதித்து,
இரண்டை மட்டும் இடம் மாற்றினேன்.
மின் கொடுத்து வரிசையை மறுபடி பார்த்தேன்.
இம்முறை சரி.

நாய் எழவில்லை.
பாதி ரொட்டி செலவானது.

பூட்டைக் கழற்றினேன்.
ஒரு முனகல், பிறகு ஒரே சீரான சத்தம்.
மிச்சக் காஸை உறிஞ்சும் பக்கமாகக்
கிள்ளிக் கிள்ளி விட்டேன்,
ஆம்பியரில் ஒரு கண், தராசில் ஒரு கண்.
பதினொரு கிலோ நானூறு.
வால்வை மூடினேன்.

மேல்மாடியில் நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.
மேசை விளிம்பில் ஒரு நூல் துண்டு
எழுந்து நின்று ஆடியது.
சிவமாலா கழுத்திலிருந்து காலரை விலக்கி
கண்ணை மூடித் திறந்தாள்.
"அண்ணே, கொஞ்சம் கொறைக்கலாமா?
தடிமன் புடிச்சிரும்."

படிவத்தில் எழுதினேன்:
வெளி வெப்பம், பதினொன்று.
குறிப்புகள் என்ற கட்டத்தில் நாயைப் பற்றி ஒரு வரி தொடங்கி
அடித்துவிட்டேன்.
அது படியில் உட்கார்ந்து
என்னைத் திருடனைப் போல் பார்த்துக்கொண்டிருந்தது.